சாலிட்வொர்க்ஸில் 412 மிமீ, பிளெண்டரில் 412 மீட்டர்: அளவை எந்த இடத்தில் சரிசெய்வது?

வார்ப்படம் கேட்டது:

வணக்கம். ஒரு சென்ட்ரிஃப்யூகல் பம்புக்குக் கேட்டலாக் படம் ரெண்டர் செய்ய வேண்டும். கேசிங், பின்மூடி, பேரிங் பிராக்கெட் எல்லாம் சாலிட்வொர்க்ஸ் (இயந்திர வரைவு மென்பொருள்) அசெம்பிளி. மிமீயில் வரைந்தது, ஷாஃப்ட் முனை வரை 412 மிமீ. மோட்டார் மட்டும் வெளியிலிருந்து எஸ்டிஎல் (முக்கோணங்களால் ஆன 3டி வடிவம்) கோப்பாக வந்தது. டேட்டா ஷீட்படி அதன் நீளம் 265 மிமீ.

இரண்டையும் எஸ்டிஎல்லாக பிளெண்டரில் (3டி ரெண்டர் மென்பொருள்) இம்போர்ட் செய்தால் பம்பு 412 மீட்டர், மோட்டார் 10.43 மீட்டர். மலைக்குப் பக்கத்தில் மாட்டுவண்டி நிற்பது போல இருக்கிறது.

இரண்டு வழியில் முயன்றாயிற்று. முதல் கோப்பில் சீன் பிராப்பர்ட்டீஸில் யூனிட் ஸ்கேலை 0.001 ஆக்கினேன். நீளம் 412 மிமீ என்று சரியாகக் காட்டுகிறது. ஆனால் 20 வாட் ஏரியா லைட் வைத்தால் படம் கறுப்பு. பேரிங் பிராக்கெட்டில் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடிக்கு வால்யூம் அப்சார்ப்ஷன் (உள்ளே போகும் வெளிச்சத்தை உறிஞ்சும் அமைப்பு) கொடுத்திருக்கிறேன், அது தார் பூசியதுபோல வருகிறது. எஃப் 2.8 வைத்தாலும் பின்னணி மங்கவே இல்லை.

இரண்டாவது கோப்பில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஸ் விசை, 0.001. லைட்டும் கண்ணாடியும் சரியாகிவிட்டன. ஆனால் விளிம்பை மழுக்கும் பெவல் மாடிஃபையரை 0.5 மிமீ போட்டால் விளிம்பில் ஒன்றுமே தெரியவில்லை. வார்ப்பு இரும்பின் சொரசொரப்புக்கு ஒரே மெட்டீரியலைத்தான் பம்புக்கும் மோட்டாருக்கும் கொடுத்தேன். ஒன்றில் மணல் போல, மற்றதில் வழவழவென்று.

எது சரியான முறை? இதே மாடலை கீஷாட்டில் (இன்னொரு ரெண்டர் மென்பொருள்) வேலை செய்பவருக்கும் அனுப்ப வேண்டும்.

டயல்கேஜ்:

முதலில் மோட்டாரைப் பார்ப்போம். 265-ஐ 10.43-ஆல் வகுத்தால் 25.4. கோப்பு அங்குலத்தில் எழுதப்பட்டிருக்கிறது, வேறு காரணம் தேட வேண்டாம். எஸ்டிஎல்லில் முக்கோண மூலைகளுக்கு வெறும் எண்கள்தான் இருக்கும். அவை மிமீயா அங்குலமா என்று எழுதி வைக்க அந்த வடிவத்தில் இடமே கிடையாது. பிளெண்டர் எந்த எண்ணைப் பார்த்தாலும் மீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் 412 மிமீ 412 மீட்டர் ஆனதும், அவர்களுடைய 10.43 அங்குலம் 10.43 மீட்டர் ஆனதும் இதனால்தான்.

கண்ணால் பார்த்து இழுத்துப் பொருத்தும் பழக்கம் மட்டும் வேண்டாம். டிராயிங்கில் அளவு எழுதியிருக்கும் ஏதாவது ஒரு முகத்தை அளந்து, வந்த அளவை நிஜ அளவால் வகுங்கள், இரண்டும் ஒரே யூனிட்டில். விடையே காரணத்தைச் சொல்லிவிடும். 1000 என்றால் மிமீயை மீட்டராகப் படித்திருக்கிறது. 39.37 என்றால் அங்குலத்தை மீட்டராகப் படித்திருக்கிறது (உங்கள் மோட்டார் இதுதான்: 10.43-ஐ 0.265-ஆல் வகுத்துப் பாருங்கள்). 100 என்றால் செமீக்கும் மீட்டருக்கும் இடையில் குழப்பம், பெரும்பாலும் எஃப்பிஎக்ஸ் வழியாக வந்திருக்கும். 3.28 அல்லது 304.8 வந்தால் நடுவில் அடி புகுந்திருக்கிறது. ரெவிட் உள்ளுக்குள் எல்லாவற்றையும் அடியில்தான் வைத்திருக்கும். சரியாகப் பத்து லட்சம், அல்லது 645.16 என்று வந்தால் ஒரே மாற்றத்தை இரண்டு முறை செய்திருக்கிறீர்கள்: எக்ஸ்போர்ட்டில் ஒரு தரம், இம்போர்ட்டில் ஒரு தரம்.

இப்போது உங்கள் இரண்டு முயற்சிகள்.

யூனிட் ஸ்கேல் 0.001 என்பது திரையில் காட்டும் எண்ணை மட்டும்தான் மாற்றுகிறது. உள்ளே பம்பு இன்னும் 412 அலகு நீளம்தான், பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸ் அதை 412 மீட்டராகவே கணக்குப் போடும். ரெண்டருக்கு அந்த எண்ணை 1-இலிருந்து மாற்றாதீர்கள். மிமீயில் பார்க்க ஆசையென்றால் அதே இடத்தில் லெங்த் என்பதை மில்லிமீட்டர்ஸ் ஆக்குங்கள், போதும்.

எஸ், 0.001 செய்தபோது உலகத்தில் அளவு சரியாகிவிட்டது, ஆனால் மெஷ்ஷுக்குள் எண்கள் பழையபடி 412. ஆப்ஜெக்டின் தலையில் 0.001 என்ற ஸ்கேல் உட்கார்ந்திருக்கிறது. பெவல் மாடிஃபையர் மெஷ்ஷின் சொந்த எண்களில் முதலில் வேலை செய்யும், அதற்குப் பிறகுதான் இந்த 0.001 பெருக்கப்படும். நீங்கள் கொடுத்த அரை மில்லிமீட்டர் அரை மைக்ரான் ஆகிவிட்டது. பெவல் இருக்கிறது, பார்க்கத்தான் முடியாது. சொரசொரப்பும் அப்படியே: நாய்ஸ் டெக்ஸ்சருக்கு ஆப்ஜெக்ட் கோஆர்டினேட் கொடுத்தால் அது மெஷ்ஷின் சொந்த எண்களைத்தான் படிக்கும். பம்புக்குள் 412, மோட்டாருக்குள் 10.43, எப்படி ஒரே மாதிரி வரும்?

இரண்டாவது கோப்பைக் காப்பாற்ற ஒரு படிதான் பாக்கி: எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+ஏ, ஸ்கேல். அதன் பிறகு பக்கப் பேனலின் ஐட்டம் தாவலில் ஸ்கேல் மூன்றும் 1 என்று காட்ட வேண்டும். மோட்டாரை நீங்கள் 0.001-ஆல் குறைத்திருந்தால் அது இப்போது 10.43 மிமீ நீளத்தில் எங்கோ கிடக்கும். அதற்கு வேண்டியது 0.0254, ஆகவே மேலும் 25.4 மடங்கு பெரிதாக்கிவிட்டு அப்ளை செய்யுங்கள்.

அடுத்த முறை முதலிலிருந்தே இப்படிச் செய்யலாம். சாலிட்வொர்க்ஸில் சேவ் ஆஸ், எஸ்டிஎல், ஆப்ஷன்ஸ். பைனரி. யூனிட் என்ற இடத்தில் மில்லிமீட்டர்ஸ். ரெசல்யூஷனைக் கஸ்டம் ஆக்கி டீவியேஷன் 0.05 மிமீ, கோணம் 5 டிகிரி. 412 மிமீ பொருளை 4000 பிக்சல் அகலத்தில் ரெண்டர் செய்தால் ஒரு பிக்சல் சுமார் 0.1 மிமீ, அதற்குப் பாதி துல்லியம் போதும். அதைவிட இறுக்கினால் கோப்புதான் பெருக்கும். கோணத்தை மட்டும் 5-க்கு மேல் விடாதீர்கள், வளைந்த ஃபிளேஞ்சில் பிரதிபலிப்பு துண்டு துண்டாக உடைவது அதனால்தான். கோப்பின் பெயரிலேயே யூனிட்டை எழுதிவிடுங்கள்: கேசிங்_மிமீ, மோட்டார்_அங்குலம். வடிவத்தில் இடம் இல்லையென்றால் பெயரில்தான் எழுத வேண்டும்.

பிளெண்டர் இம்போர்ட் சாளரத்தில் பம்புக்கு ஸ்கேல் 0.001, மோட்டாருக்கு 0.0254. சீன் யூனிட் என்ற பெட்டியைத் தொட வேண்டாம். வந்ததும் ஐட்டம் தாவலைப் பாருங்கள். இம்போர்ட்டில் கொடுத்த 0.001-ஐயும் பிளெண்டர் ஆப்ஜெக்ட் ஸ்கேலாகவே தொங்கவிட்டிருந்தால் அங்கேயும் கண்ட்ரோல்+ஏ உண்டு. இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம், ஸ்கேலை இம்போர்ட்டிலேயே கொடுத்தாயிற்றே என்று நம்பிவிடுவார்கள்.

இன்னொன்று. எஸ்டிஎல் வந்தவுடன் எடிட் மோடில் மெர்ஜ் பை டிஸ்டன்ஸ் அடிக்கும் பழக்கம் இருந்தால் கவனம். அதன் இயல்பு அளவு 0.0001 மீட்டர், அதாவது 0.1 மிமீ. 412 மீட்டர் பூதத்தில் அது ஒன்றும் செய்யாது. நிஜ அளவில் வந்த மாடலில் சின்ன ஃபில்லெட்டையும் மரையையும் தின்றுவிடும். 0.00001 ஆக்கிவிட்டு அழுத்துங்கள்.

நிழல்வரை:

டயல்கேஜ் வடிவத்தின் பக்கம் எல்லாம் சொல்லிவிட்டார். முதல் கோப்பில் ஏன் லைட், கண்ணாடி, லென்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டன என்பதைச் சேர்க்கிறேன். மூன்றும் மூன்று விதமாகக் கெடுபவை, தெரிந்துகொண்டால் படத்தைப் பார்த்தே அளவுத் தவறைப் பிடித்துவிடலாம்.

லைட்: தூரம் கூடக் கூட வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும். எல்லாம் 1000 மடங்கு என்றால் லைட்டும் 1000 மடங்கு தள்ளி நிற்கிறது, பொருளின் மேல் விழும் வெளிச்சம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 20 வாட்டில் வர வேண்டிய படத்துக்கு 2 கோடி வாட் வேண்டும். சிலர் உண்மையிலேயே அந்த எண்ணைத் தட்டிவிட்டு நிழல் ஏன் கத்தியால் வெட்டியதுபோல இருக்கிறது என்று கேட்பார்கள். நிழலின் மென்மை, லைட்டின் அகலத்துக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம். வாட்டைக் கூட்டியவர் லைட்டின் அகலத்தை 0.6 மீட்டரிலேயே விட்டிருப்பார். 1 கிலோமீட்டருக்கு அப்பால் அது ஒரு புள்ளி.

எச்டிஆர்ஐ (சுற்றுப்புறப் படத்திலிருந்து வரும் வெளிச்சம்) மட்டும் போட்டு ரெண்டர் செய்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது, ஏனென்றால் அந்த வெளிச்சத்துக்கு தூரம் என்று ஒன்று இல்லை. மாடல் எந்த அளவில் இருந்தாலும் ஒரே வெளிச்சம். அதனால் எச்டிஆர்ஐயில் நன்றாக இருக்கிறது என்பது அளவு சரி என்பதற்குச் சான்று ஆகாது.

கண்ணாடி: வால்யூம் அப்சார்ப்ஷனின் டென்சிட்டி ஒரு மீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆயில் கண்ணாடி 6 மிமீ தடிப்பு, டென்சிட்டி 50 என்று வைத்துக்கொள்வோம். 0.006-ஐ 50-ஆல் பெருக்கினால் 0.3, உறிஞ்சப்படும் நிறங்களில் சுமார் 74 சதவீதம் வெளிச்சம் கடந்துவிடும். அதே கண்ணாடி 6 மீட்டர் தடிப்பானால் பெருக்குத்தொகை 300. ஒரு கதிர்கூட வெளியே வராது. தார் பூசிய மாதிரி என்றீர்களே, அது இதுதான். பிளாஸ்டிக் விசிறி மூடிக்கு சப்சர்ஃபேஸ் கொடுத்தால் நேர்மாறாக நடக்கும்: ஊடுருவும் தூரம் மீட்டரில் இருப்பதால், பூத அளவு மாடலில் அது தோலளவுகூட இருக்காது, பெயின்ட் அடித்த கட்டி போல வரும்.

லென்ஸ்: கேமராவின் துவாரம் நிஜ மிமீயில் கணக்காகிறது. 85 மிமீ லென்ஸில் எஃப் 2.8 என்றால் துவாரம் சுமார் 30 மிமீ. 412 மீட்டர் பொருளுக்கு முன் 30 மிமீ துவாரம் ஊசித்துளை. எல்லாமே கூர்மையாகத்தான் இருக்கும். மங்கல் வர வேண்டுமென்றால் எஃப் 0.0028 வேண்டும்.

நிஜ அளவுக்கு வந்ததும் இதற்கு எதிர்ப்பக்கப் பிரச்சினை வரும், தயாராக இருங்கள். 85 மிமீ லென்ஸ், 1.2 மீட்டர் தூரம், எஃப் 2.8: கூர்மையாக வரும் ஆழம் சுமார் 33 மிமீதான். பம்பின் முன் ஃபிளேஞ்ச் தெளிவாகவும் பேரிங் பிராக்கெட் கஞ்சியாகவும் இருக்கும். கேட்டலாக் படத்துக்கு எஃப் 16 வையுங்கள், ஆழம் 190 மிமீ கிடைக்கும். முழு பம்பும் கூர்மையாக வேண்டுமென்றால் டெப்த் ஆஃப் ஃபீல்டை அணைத்துவிடுவதே மேல். பொருள் புகைப்படக்காரர்கள் பல படங்களை அடுக்கிச் சேர்த்து அடைவதும் அந்தத் தோற்றத்தைத்தான்.

சொரசொரப்புக்கு ஆரம்ப எண்: ஸ்கேல் அப்ளை செய்த பிறகு நாய்ஸ் ஸ்கேல் 800 வைத்தால் ஒரு புடைப்பு சுமார் 1.25 மிமீ. மணல் அச்சில் வார்த்து பெயின்ட் அடித்த இரும்புக்கு அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். பம்ப் நோடின் டிஸ்டன்ஸை 0.0003 அளவில் தொடங்குங்கள். பழைய பூத அளவுக்கு ஏற்ற எண்களை அப்படியே விட்டால் இரும்பு பலாப்பழம் ஆகிவிடும்.

ஆயில் கண்ணாடியை நெருக்கமாக எடுக்கப் போனால் கேமராவின் கிளிப் ஸ்டார்ட்டையும் பாருங்கள். இயல்பு 0.1 மீட்டர். 5 செமீ பக்கத்தில் போனால் கண்ணாடியே வெட்டுப்பட்டுவிடும். 0.001 ஆக்குங்கள். வியூபோர்ட்டிலும் ஸ்டார்ட்டைக் குறைத்தால் எண்டை 1000-இலிருந்து 100-க்கு இறக்குங்கள், இல்லையென்றால் ஒட்டியிருக்கும் முகங்கள் மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு வியூபோர்ட்டோடு சரி, சைக்கிள்ஸ் படத்தில் வராது.

தங்கக்கம்பி:

எல்லோரும் நிஜ அளவு என்கிறீர்கள். நகை வேலையில் அது சரிப்படாது. 1.2 மிமீ கல், 0.4 மிமீ கொக்கி. பிளெண்டரில் 0.0004 என்று பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. 10 மடங்கு பெரிதாக்கி வைப்பதுதான் வசதி.

நிழல்வரை:

செய்யலாம், தவறில்லை. ஆனால் காரணத்தைச் சரியாகப் பிடியுங்கள். சிறிய எண்களால் துல்லியம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். மிதவைப் புள்ளி எண்ணுக்கு 0.0004-உம் 0.4-உம் ஒன்றுதான், இரண்டிலும் ஏழு இலக்கத் துல்லியம் உண்டு. தொல்லை கொடுப்பவை மென்பொருளுக்குள் நிலையாக எழுதிவைத்த வரம்புகள்: மெர்ஜ் தூரம், கிளிப் தூரம், திரையில் எத்தனை தசமம் காட்டுவது போன்றவை.

10 மடங்கு என்று முடிவு செய்தால் மற்றதையும் கூடவே மாற்றுங்கள். லைட்டின் வாட் 100 மடங்கு, லைட்டின் அகலம் 10 மடங்கு, வால்யூம் டென்சிட்டி பத்தில் ஒன்று, சப்சர்ஃபேஸ் ஸ்கேல் 10 மடங்கு, எஃப் எண் பத்தில் ஒன்று (எஃப் 16 என்றால் 1.6). எச்டிஆர்ஐ அப்படியே. இதை எல்லாக் கோப்பிலும் நினைவு வைத்துக்கொள்ள முடியுமென்றால் செய்யுங்கள். 412 மிமீ பம்புக்கு இந்தச் சுற்றுவழி தேவையே இல்லை.

கோணமானி:

கீஷாட்காரருக்கு எஸ்டிஎல் அனுப்பாதீர்கள், ஸ்டெப் (முக்கோணமாக்காத வளைவுகளோடு வரும் கேட் கோப்பு) அனுப்புங்கள். ஸ்டெப் கோப்புக்குள் யூனிட் எழுதப்பட்டே வரும், கீஷாட் அதை நேராகத் திறக்கும். வளைவுகளை அவரே தனக்கு வேண்டிய துல்லியத்தில் முக்கோணமாக்கிக்கொள்ளலாம். திறந்ததும் எடிட் மெனுவில் சீன் யூனிட்ஸ் மிமீயா என்று ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். சாலிட் கிளாஸின் டிரான்ஸ்பரன்சி டிஸ்டன்ஸ், ரவுண்டட் எட்ஜஸின் ஆரம் இரண்டும் அந்த யூனிட்டில்தான் படிக்கப்படும். மோட்டாரை மட்டும் எஸ்டிஎல்லாக அனுப்ப வேண்டியிருந்தால் 25.4-ஆல் பெருக்கி மிமீ ஆக்கிய பிறகு அனுப்புங்கள், அவருக்கும் அதே புதிரைக் கொடுக்க வேண்டாம்.

பிளெண்டருக்கு ஸ்டெப்பைத் தானாகத் திறக்கத் தெரியாது. எஸ்டிஎல்லுக்குப் பதிலாக ஜிஎல்பி (ஜிஎல்டிஎஃப் வடிவத்தின் பைனரி கோப்பு) வழியாகப் போகலாம். சாலிட்வொர்க்ஸில் சேவ் ஆஸ் பட்டியலில் எக்ஸ்டெண்டட் ரியாலிட்டி என்ற பெயரில் இருக்கிறது, ஃப்ரீகேட் வழியாகவும் முடியும். ஜிஎல்டிஎஃப் வடிவத்தின் விதியே மீட்டர்தான், மேல் அச்சு ஒய் என்பதும் விதி. ஆகவே இரு பக்கமும் விதிப்படி நடந்தால் 412 மிமீ 0.412 மீட்டராக, நிமிர்ந்தபடி வந்து இறங்கும். பாகங்களின் பெயரும் அசெம்பிளி அடுக்கும் தப்பிக்கும், எஸ்டிஎல்லில் இரண்டும் போய்விடும்.

மற்ற வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓபிஜேயில் யூனிட் கிடையாது, எஸ்டிஎல் மாதிரியே நடத்துங்கள். 3எம்எஃப்பில் யூனிட் உண்டு. எழுதாவிட்டால் மிமீ என்று பொருள். எஃப்பிஎக்ஸில் யூனிட்ஸ்கேல்ஃபேக்டர் என்ற மதிப்பு இருக்கும்: 1 என்றால் செமீ, 0.1 மிமீ, 2.54 அங்குலம், 30.48 அடி, 100 மீட்டர். யுஎஸ்டியில் ஓர் அலகுக்கு எத்தனை மீட்டர் என்ற மதிப்பு உண்டு, எழுதாமல் விட்டால் 0.01, அதாவது செமீ. அன்ரியலில் ஓர் அலகு 1 செமீ; யூனிட்டியில் 1 மீட்டர்.

யாராவது 3டிஎஸ் மேக்ஸில் திறக்கப் போகிறார்கள் என்றால் தனியாக எச்சரியுங்கள். அங்கே டிஸ்ப்ளே யூனிட் வேறு, சிஸ்டம் யூனிட் வேறு. திரையில் மிமீ என்று வைத்துவிட்டு, சிஸ்டம் யூனிட் அங்குலத்திலேயே கிடப்பதுதான் வழக்கமாக நடக்கும் கூத்து. யூனிட்ஸ் செட்டப்புக்குள் சிஸ்டம் யூனிட் செட்டப் என்ற பொத்தானை அழுத்தி, இம்போர்ட்டுக்கு முன்பே மாற்ற வேண்டும். மாடல் வந்த பிறகு மாற்றினால் எண்கள் நின்ற இடத்தில் நிற்க, அவற்றின் பொருள் மட்டும் மாறும். 412 அங்குலம் 412 மிமீ ஆகிவிடும். ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் யூட்டிலிட்டீஸில் ரீஸ்கேல் வேர்ல்டு யூனிட்ஸ், அதன் பிறகு ரீசெட் எக்ஸ்ஃபார்ம்.

எந்த வழியில் போனாலும் அசெம்பிளியின் ஆரம்பப் புள்ளியில் ஒரு சாட்சிக் கட்டையை வையுங்கள்: எக்ஸில் 100, ஒய்யில் 50, இசட்டில் 25 மிமீ. கன சதுரம் வேண்டாம். மூன்று பக்கமும் வேறு அளவாக இருந்தால் யூனிட் மட்டுமல்ல, அச்சு மாறியிருந்தாலும் உடனே தெரியும். மறுபக்கத்தில் டைமென்ஷன்ஸ் 0.1, 0.05, 0.025 என்று வந்தால் கட்டையை அழித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

வார்ப்படம்:

மிக்க நன்றி. சாட்சிக் கட்டை வைத்து ஜிஎல்பி வழியில் போனேன், 0.1, 0.05, 0.025 என்றே வந்தது. ஆனால் மூன்று சிக்கல்கள்.

ஒன்று: எஸ்டிஎல்லில் பாகம் பாகமாக எடுத்தபோது பின்மூடி கேசிங்கில் உட்காராமல் தள்ளி நின்றது. ஜிஎல்பியில் சரி, இருந்தாலும் ஏன் என்று தெரிய வேண்டும்.

இரண்டு: வேறு ஒருவர் கொடுத்த கப்ளிங் ஜிஎல்பியில் எல்லாப் பாகங்களும் ஓர் எம்ப்டிக்குக் (மெஷ் இல்லாத வெற்று ஆப்ஜெக்ட்) கீழே தொங்குகின்றன. அந்த எம்ப்டியின் ஸ்கேல் 0.001. பாகங்களின் ஸ்கேல் 1 என்றே காட்டுகிறது, ஆனாலும் பெவல் வேலை செய்யவில்லை.

மூன்று: அந்தக் கப்ளிங்கின் 8 போல்ட்டுகளுக்கு ஸ்கேல் அப்ளை செய்யப் போனால் மல்ட்டி யூசர் டேட்டா என்று மறுக்கிறது.

டயல்கேஜ்:

ஒன்று: சாலிட்வொர்க்ஸ் எஸ்டிஎல் ஆப்ஷன்ஸில், அவுட்புட்டைப் பாசிட்டிவ் ஸ்பேஸுக்கு நகர்த்தாதே என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்யாவிட்டால் ஒவ்வொரு பாகத்தையும் மூன்று அச்சிலும் எண்கள் நேர்மதிப்பாக வரும் இடத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் எழுதும். தனித்தனியாகத் தள்ளினால் ஒன்றுக்கொன்று இருந்த இடம் போய்விடும். டிக் செய்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

இரண்டு: பெவலுக்குக் கணக்கு, பாகத்தின் மெஷ்ஷிலிருந்து உலகம் வரை உள்ள மொத்தப் பெருக்கம். அப்பனின் தலையில் 0.001 இருந்தால் பிள்ளையின் 1-க்கு அர்த்தம் இல்லை. பாகங்களைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்+பி (P), கிளியர் அண்ட் கீப் டிரான்ஸ்ஃபர்மேஷன். இப்போது பாகங்களிலேயே 0.001 என்று உண்மை தெரியும். பிறகு கண்ட்ரோல்+ஏ, ஸ்கேல். எம்ப்டியை அழித்துவிடலாம்.

மூன்று: 8 போல்ட்டும் ஒரே மெஷ்ஷைப் பகிர்கின்றன, அதனால் மறுப்பு. ஆப்ஜெக்ட் மெனு, ரிலேஷன்ஸ், மேக் சிங்கிள் யூசர், ஆப்ஜெக்ட் அண்ட் டேட்டா என்று பிரித்துவிட்டு அப்ளை செய்வது எளிது. 8 போல்ட்டுக்கு அதுவே போதும். நூற்றுக்கணக்கில் இருந்தால் பகிர்வை இழக்க மனம் வராது. அப்போது ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்+எஸ், கர்சர் டு செலக்டட். பிவட் பாயிண்ட்டை 3டி கர்சர் ஆக்குங்கள். எடிட் மோடில் எல்லாம் தேர்ந்தெடுத்து எஸ், 0.001. பகிர்ந்த மெஷ் என்பதால் எல்லாப் போல்ட்டும் கண்ணுக்கு மறையும் அளவு சுருங்கும், பயப்பட வேண்டாம். ஆப்ஜெக்ட் மோடுக்கு வந்து எல்லாப் போல்ட்டையும் தேர்ந்தெடுத்து ஆல்ட்+எஸ். ஸ்கேல் 1 ஆகும், பழைய அளவு திரும்பும், பகிர்வும் இருக்கும். இதைப் பெற்றோரிலிருந்து பிரித்த பிறகுதான் செய்ய வேண்டும்.

மட்டக்கோல்:

இதே பம்பைப் பம்ப் ஹவுஸ் கட்டடத்துக்குள் வைத்துக் காட்டச் சொன்னால் இன்னொரு பிரச்சினை காத்திருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். சர்வே டிராயிங்குகள் யுடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) கோஆர்டினேட்டில் வரும். சென்னைப் பக்கம் என்றால் மண்டலம் 44, கிழக்கு எண் நாலு லட்சத்து சொச்சம், வடக்கு எண் 14 லட்சத்துக்கு மேல், மீட்டரில். ஆட்டோகேட் இரட்டைத் துல்லிய எண்ணில் வேலை செய்வதால் அங்கே ஒன்றும் தெரியாது. பிளெண்டர் மெஷ் ஒற்றைத் துல்லியம். 14 லட்சத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 0.125 மீட்டர் இடைவெளி. உங்கள் பம்பின் எல்லா விளிம்பும் 12.5 செமீ படிக்கட்டில் போய் உட்காரும், பம்பு கசக்கிய தகரம் ஆகிவிடும்.

இதை யூனிட் தவறு என்று நினைத்து மிமீ, மீட்டர் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒற்றைத் துல்லியத்தில் இலக்கங்கள் எண்ணிக்கைதான் நிலை, யூனிட்டை மாற்றி ஏமாற்ற முடியாது. இம்போர்ட் செய்த பிறகு ஆரம்பப் புள்ளிக்கு நகர்த்துவதிலும் பயன் இல்லை, போன இலக்கம் போனதுதான். ஆட்டோகேட்டிலேயே ஒரு முழு எண் புள்ளியை, உதாரணமாக 415000,1446000, அடிப்படையாக வைத்து மூவ் கொடுத்து 0,0-க்குக் கொண்டுவாருங்கள். அந்த இரண்டு எண்களை டிராயிங் பெயரோடு எழுதி வையுங்கள், எல்லா டிராயிங்குக்கும் அதே எண்கள்.

டிடபிள்யூஜியில் (ஆட்டோகேட் கோப்பு) இன்ஸ்யூனிட்ஸ் மதிப்பு 4 என்றால் மிமீ, 6 என்றால் மீட்டர், 1 அங்குலம், 2 அடி, 0 யூனிட் இல்லை. அது சீட்டு மட்டும்தான். சீட்டில் மிமீ என்று ஒட்டி, உள்ளே மீட்டரில் வரைந்த டிராயிங்குகள் ஏராளம். ஒரு கதவை அளந்து பாருங்கள்: 0.9 என்றால் மீட்டர், 900 என்றால் மிமீ, 3 என்றால் அடி. ஷீட்டில் 1:50 என்று எழுதியிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, மாடல் ஸ்பேஸில் எல்லாம் முழு அளவில்தான் இருக்கும்.

வார்ப்படம்:

கப்ளிங், மோட்டார் எல்லாம் பொருந்திவிட்டன, பெவலும் தெரிகிறது. இன்னும் ஒன்றே ஒன்று இடிக்கிறது. கேசிங்கின் புதிய கோப்பு வார்ப்படச் சாலையிலிருந்து ஸ்டெப்பாக வந்தது. டிராயிங்கில் வெளிவிட்டம் 318 மிமீ. பிளெண்டரில் 321.2 மிமீ. வகுத்தால் 1.01. உங்கள் பட்டியலில் இந்த எண் இல்லையே? பின்மூடியின் போல்ட் வட்டமும் பொருந்தவில்லை.

டயல்கேஜ்:

1.01 எந்த யூனிட்டும் இல்லை. அவர்கள் அனுப்பியது கேசிங் அல்ல, பேட்டர்ன். சாம்பல் நிற வார்ப்பு இரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும், அதற்காக அச்சு மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்வார்கள். அலுமினியம் என்றால் 1.3 பக்கம், எஃகு என்றால் 2 பக்கம் வரும்.

உறுதிப்படுத்த ஃபிளேஞ்ச் முகத்தைப் பாருங்கள். தடிப்பு டிராயிங்கைவிட 2, 3 மிமீ கூடுதலாக இருக்கும், போல்ட் துளைகள் இருக்காது, செங்குத்தான சுவர்கள் லேசாகச் சரிந்திருக்கும்.

0.99-ஆல் குறைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். சுருக்கம் போகும், மெஷினிங்குக்காக விட்ட கூடுதல் தடிப்பு போகாது, துளைகளும் முளைக்காது. முடித்த பாகத்தின் மாடலைக் கேட்டு வாங்குங்கள். அவர்களுடைய கோப்புப் பெயரில் பெரும்பாலும் பேட்டர்ன் என்றே எழுதியிருக்கும், பாருங்கள்.

வார்ப்படம்:

இருக்கிறது, பெயரின் கடைசியில். துளைகளும் இல்லை. மெஷினிங் முடித்த மாடலைக் கேட்டிருக்கிறேன்.